ஊசி சாமி குரல்ல நான் பேசினது

மைக் முன்னாடி உக்கார வந்திருக்கிற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதுறாரு. ரெண்டு இடத்துல நல்ல தமிழா மாத்திப் பாத்தாரு. பழையபடி மாத்துங்கன்னுட்டேன். நான் பேசாத பேச்சு என் பேர்ல இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போறேன்.

அப்பல்லாம் வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. உறையூர்ல ஒரு பார்க்கு. பார்க்குக்கு நடுவுல ஒரு தகரக் கொட்டாய். அதுக்குள்ள ஒரு ரேடியோ பெட்டி, ஒரு மைக்கு, மெஷின் பாத்துக்கிற காதர் பாய், அப்புறம் நான். வெளியில ஒசந்த கம்பத்துல திசைக்கு ஒண்ணா நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். பெட்டியில பாட்டு வரும், சண்டை சேதி வரும். ஜெர்மன்காரன் சண்டை நடந்துகிட்டிருந்த வருஷங்க அது. நடுநடுவுல பெட்டி கரகரன்னு இழுக்கும், படுத்துக்கும். காதர் பாய் அதை எழுப்புற வரைக்கும் ஜனம் எந்திரிச்சுப் போயிடாம வாயாலயே புடிச்சு வைக்கணும். ஆடு காணாமப் போச்சு, மண்ணெண்ணெய் இன்ன தேதிக்கு வருதுன்னு ஊர்ச் சேதியும் சொல்லணும். அதுதான் என் உத்தியோகம்.

அதுக்கு முன்னாடி நான் கோட்டை ஸ்டேஷன் வாசல்ல ஜட்காவுக்கு, குதிரை வண்டிக்கு, ஆள் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். தொண்டை பெருசா இருக்குன்னு கூட்டிட்டு வந்தாங்க. மைக்குக்குப் பெரிய தொண்டை தேவையில்லைன்னு அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. மொத நாள் நான் பேசினதுல பார்க்குல தூங்கிக்கிட்டிருந்த ரெண்டு பேரு எந்திரிச்சு ஓடிட்டாங்க.

ஆரம்பத்துல நல்ல பிள்ளையாத்தான் பேசினேன். "பெரியோர்களே, தாய்மார்களே"ன்னு ஆரம்பிப்பேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கடலை உரிப்பாங்க, பேன் பாப்பாங்க. எனக்குக் குதிரைங்க ஞாபகம்தான் வரும். அதுங்களாவது நான் பேசினா காதை ஆட்டும்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துலயும் இதே மாதிரி ஒரு பார்க்கு, ஒரு ரேடியோ, ஒரு பேச்சுக்காரன். அவன் பேரு வேண்டாம், அக்கரைக்காரன்னே வச்சுக்குவோம். அவன் ஒருநாள் மைக்குல சொல்லியிருக்கான்: "உறையூர் ரேடியோவுல ஒரு ஜட்காக்காரன் பேசுறானாம். குதிரையையே பேச விட்டா இன்னும் தெளிவா இருக்கும்." பாலத்துல சைக்கிள்ல வந்தவங்க அதைச் சுடச்சுடக் கொண்டாந்து எங்கிட்ட சொன்னாங்க. நான் சும்மா இருப்பனா? "குதிரை அங்கதான் வேலைக்கு வந்துச்சு. அங்க ஏற்கெனவே கழுதை இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க"ன்னேன்.

அன்னிக்குத்தான் மொதமொத ஜனம் கடலையைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்துச்சு.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, சொன்னா நம்ப மாட்டீங்க, பசி தீர்ந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் தெனமும் அதுதான். காவேரியில தண்ணி ஓடுச்சோ இல்லையோ, எங்க ரெண்டு பேரு வசவு ஓடிக்கிட்டே இருந்துச்சு. சண்டை சேதி நேரத்துல வராத கூட்டம் எங்க சண்டைக்கு வந்துச்சு. நல்லது சொன்னா ஜனம் கேட்டா கேக்கும், இல்லாட்டிப் போகும். யாரையாவது திட்டுனா காத்துக்கிட்டு நிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை பாருங்க. நானே கண்டுபிடிச்சுட்டேன்.

ஆனா ஒருத்தனையே எத்தனை நாள் திட்டுறது. கூட்டம் கொட்டாவி விட ஆரம்பிச்சுச்சு. அக்கரைக்காரன் அவன் ஊர் பால்காரரு, தபால்காரருன்னு ஒவ்வொருத்தரா எடுத்து உரிச்சுக்கிட்டிருந்தான். எனக்கும் ஒரு ஆளு வேணும்.

அப்பதான் ஊசி சாமி வந்தாரு.

அவரு பேரு வரதன். ஸ்ரீரங்கத்துக்காரரு. நெத்தியில நாமம், கையில ஒரு தகரப் பெட்டி. வாந்திபேதி வராம இருக்கத் தெருத் தெருவாப் போயி ஊசி போடுற சர்க்கார் வேலை. பார்க்குக்குப் பின்னாடியே நெசவுக்காரங்க தெரு. அந்தத் தெருதான் அவருக்கு ஒதுக்கின இடம். ஊசி போட்டா ஒரு நாள் கை வீங்கும், காய்ச்சல் வரும். கை வீங்கினா தறியில உக்கார முடியாது. அதனால அந்தத் தெருவுல அவரைக் கண்டாலே கதவு சாத்துவாங்க. அவரும் விட மாட்டாரு. மூக்கால ஒரு குரல், ரெண்டு தடவை வறட்டு இருமல், அப்புறம் "அடியேன் சொல்றதைச் சித்த கேளுங்கோ, கொஞ்சம் கிருபை பண்ணிக் கையை நீட்டுங்கோ"ன்னு சாத்தின கதவுகிட்ட நின்னு கெஞ்சுவாரு. ஒவ்வொரு கதவுகிட்டயும் அதே இருமல், அதே கெஞ்சல்.

எனக்கு எழுத்துதான் வராது. காது நல்லா வரும். ஒரு தடவை கேட்டா ஒரு ஆளு குரல் என் தொண்டையில வந்து உக்காந்துக்கும். ஒருநாள் பெட்டி படுத்துக்கிச்சு. நான் மைக்கைப் புடிச்சு, "இப்ப நம்ம ஊசி சாமியே உங்ககிட்ட பேசப் போறாரு"ன்னுட்டு, ரெண்டு இருமல் இருமி, "அடியேன்"னு ஆரம்பிச்சேன்.

பார்க்கு அதிர்ந்துச்சு. பின்னாடி தெருவுல தறிச்சத்தம் நின்னுச்சு. அங்கயிருந்து ஒரே ஒரு சிரிப்பு தனியா வந்துச்சு, பானையை உருட்டின மாதிரி. அது ராசமணி சிரிப்பு. நெசவுக்காரன், என் வயசுதான் இருக்கும். அவன் சிரிச்சா தெருவே சிரிக்கும். அப்புறம் அவன் சிரிப்புக்காகவே பேச ஆரம்பிச்சேன். அவன் சிரிக்கலைன்னா அன்னிக்குச் சோறு எறங்காது.

தெனம் சாயந்தரம் ஊசி சாமி வந்தாரு, என் தொண்டையில. "அடியேன் உங்களுக்குக் காய்ச்சல் கொடுக்கத்தான் வந்திருக்கேன், வாங்கிண்டாத்தான் போவேன்." "இந்த ஊசி போட்டுண்டா தறிக்கு லீவு, பொண்டாட்டிக்குக் கஷாயம் வைக்கிற வேலை." இந்த மாதிரி. நான் ஊசி வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லலை. அதையும் சொல்லிடுறேன். சொல்லவே வேண்டியிருக்கலை.

காதர் பாய் ஒருநாள் ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டே, "தம்பி, அந்த மனுசர் நேத்து பார்க்கு வழியா வரலை. கடைவீதி சுத்திப் போனாரு. பாத்தியா?"ன்னாரு.

"ஏன் பாய், நடக்குறது ஒடம்புக்கு நல்லதுதானே"ன்னேன்.

பாய் சிரிக்கலை. அவரு என்னிக்குமே சிரிக்க மாட்டாரு, அதனால நான் கண்டுக்கலை.

அந்தக் கோடையில ஆறு வெறும் மணலா கெடந்துச்சு. கிணத்துல எல்லாம் தண்ணி கீழ போயி கலங்கிடுச்சு. ஒருநாள் சாயந்தரம் பாட்டு ஓடிக்கிட்டிருக்கு. கொட்டாய் கதவை யாரோ தட்டினாங்க. தொறந்தா ஊசி சாமி. நெஜமான ஊசி சாமி. வேர்த்து நாமம் கலைஞ்சிருந்துச்சு. சண்டைக்கு வந்துட்டாருன்னு ரெண்டடி பின்னாடி போனேன்.

"அடியேன் உள்ள வரலாமா?"

"வாங்க சாமி."

"நெசவுத் தெருக் கோடியில இருக்கற கிணறு கெட்டுப் போயிடுத்து. பக்கத்தாத்துல ரெண்டு பேருக்கு வாந்திபேதி கண்டிருக்கு. கிணத்துல மருந்து போட்டிருக்கேன். ஆனாலும் நான் சொல்ற வரைக்கும் அந்தத் தீர்த்தத்தைத் தொடப்படாது. நாளைக்குக் கார்த்தால பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஊசி. கதவு கதவாப் போனா எனக்கு ரெண்டு நாள் ஆகும். அத்தனை நேரம் இல்லை. உங்க குழாய்ல சொன்னா ஒரு நிமிஷம்." கொஞ்சம் நிறுத்திட்டு, "நீங்க சொன்னா ஜனங்க கேப்பா"ன்னாரு.

என்னைப் பத்தி ஒரு வார்த்தை குத்திப் பேசலை. அதுதான் எனக்குத் தாங்கலை. இத்தனை நாள் கேலி பண்ணின மனுசருக்கு ஒரு மரியாதை செய்வோம்னு தோணிச்சு. "நீங்களே பேசுங்க சாமி. உங்க வாயாலயே சொல்லுங்க"ன்னேன்.

தம்பிங்களா, இந்த இடத்துல நான் யோசிச்சிருக்கணும். ஒரு ஊரு உயிர் கையில இருக்கிறப்ப, என் மனசு லேசாகறதுக்கு ஒரு வழி தேடினேன். அதுக்குப் பேரு மரியாதைன்னு வச்சுக்கிட்டேன்.

பாட்டு முடிஞ்சுது. காத்துச்சத்தம் மைக்குல விழக்கூடாதுன்னு கொட்டாய்க் கதவைச் சாத்துறது எங்க வழக்கம். சாத்திட்டேன். உள்ள யாரு பேசுறாங்கன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. மைக்கைப் புடிச்சேன். அவரை அறிமுகப்படுத்தணுமே.

"இப்ப நம்ம ஊசி சாமியே உங்ககிட்ட பேசப் போறாரு"ன்னேன்.

வாய் பழக்கம். வேற மாதிரி சொல்லணும்னு தோணவே இல்லை.

அவரு மைக்குகிட்ட வந்தாரு. பயத்துல ரெண்டு தடவை இருமினாரு. "அடியேன்..."

பார்க்கு குலுங்கிச்சு.

அவரு நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. நான் பேசுங்க பேசுங்கன்னு கையைக் காட்டினேன். "அடியேன் சொல்றதைச் சித்த கேளுங்கோ. தெருக்கோடிக் கிணத்துத் தீர்த்தத்தைச் சாப்பிடாதேள்..." சிரிப்பு இன்னும் ஏறுச்சு. பின்னாடி தெருவுல பானை உருள ஆரம்பிச்சுச்சு. சிரிப்பைத் தாண்டிக் கேக்கணும்னு அவரு குரலை ஒசத்தினாரு. குரல் ஒசந்தா மூக்கால கீச்சுன்னு வரும். நான் செய்யுறப்பவும் கடைசியில அப்படித்தான் கீச்சுன்னு முடிப்பேன். அந்த இடத்துக்குத்தான் கைதட்டு விழும். விழுந்துச்சு. அவரு சேதியை முழுசா ரெண்டு தடவை சொன்னாரு. ஒரு வார்த்தை விடலை. ரெண்டாவது தடவை கையைக் கூப்பிக்கிட்டுச் சொன்னாரு, மைக்குக்கு முன்னாடி.

முடிச்சுட்டு, "கேட்டாளோ?"ன்னு எங்கிட்ட கேட்டாரு.

நான் மைக்கைப் புடுங்கி, "ஐயா, அது நான் இல்லைங்க. நெஜமாவே சாமிதான் வந்திருக்காரு. கிணத்துத் தண்ணியைக் குடிக்காதீங்க"ன்னு என் சொந்தக் குரல்ல சொன்னேன். அதுக்கும் சிரிப்பு. கதவைத் தொறந்து அவரைக் கையைப் புடிச்சு வெளியில நிறுத்தினேன். பார்க்குல முன்னாடி உக்காந்திருந்தவங்க கப்புன்னு வாயை மூடினாங்க. ஆனா பார்க்குக்காரங்க வேற தெரு, வேற கிணறு. கேக்க வேண்டியவங்க வீட்டுக்குள்ள தறியில உக்காந்து குழாயை மட்டும் கேக்குறவங்க.

ஓடினேன். நெசவுத் தெருவுல ராசமணி வாசல்ல நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தான், சிரிச்சுச் சிரிச்சு. அவன் பொண்டாட்டி செல்லம் இடுப்புல கொடத்தோட கிணத்துப் பக்கத்துலேருந்து வந்துகிட்டிருந்துச்சு.

"ராசமணி, அது நான் இல்லப்பா. அந்தச் சாமியேதான் பேசினாரு."

"அதான் கேட்டோமேண்ணே. சாமியே பேசினாரு."

"வெளையாடலைப்பா. அவரு பேசி முடிச்சதும் நான் இங்க ஓடி வரேன்."

குழாயில மறுபடி அவரு குரல் வர ஆரம்பிச்சுச்சு. திரும்பக் கொட்டாய்க்குள்ள போயி மூணாவது தடவையாச் சொல்லிக்கிட்டிருந்தாரு பாவம். நான் மேல கையைக் காட்டி, "கேளு, நான் இங்க நிக்கிறேன், அவரு அங்க பேசுறாரு"ன்னேன்.

ராசமணி மேலயும் பாத்தான், என்னையும் பாத்தான். அப்புறம் தொடையில தட்டிக்கிட்டுச் சொன்னான்: "அண்ணே, உங்க குரலைக் கிராமபோன் பிளேட்டுல புடிச்சு வச்சுப் பாட விட்டுட்டு வந்துட்டீங்களா. அக்கரைக்காரன் தூக்குல தொங்க வேண்டியதுதான்."

அக்கம்பக்கத்துல எல்லாரும் கூடிட்டாங்க. நான் செல்லத்துகிட்ட, "தங்கச்சி, அந்தக் கொடத்தைக் கீழ கவுத்துடு"ன்னேன்.

"சாமி குரல்ல சொல்லுங்கண்ணே, கவுத்துடுறேன்"னுச்சு அது.

தெருவே சிரிச்சுச்சு. அத்தனை பேரு என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கிறப்ப, என்னோட வாய்தான் எனக்கு அடங்காதே, அதுவும் சிரிச்சுடுச்சு. ஒரு நொடிதான். அந்தக் கொடத்தைப் புடுங்கி ஒடைச்சிருக்கலாம். தெருவுல உருண்டு பொரண்டு அழுதிருக்கலாம். ஒண்ணும் செய்யலை. சிரிச்சேன். நான் சிரிச்சதைப் பாத்ததும் அவங்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போச்சு. கொடம் உள்ள போச்சு.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெருவுலேருந்து வந்தவங்களை ஒரு பெஞ்சுல உக்கார வச்சுடலாம். ஊசி சாமி அவங்களை முடிச்சுட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்குள்ள போனாரு. மொதக் கதவுகிட்ட நின்னு வாயைத் தொறந்தாரு. உள்ளேயிருந்து பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற சத்தம். ரெண்டாவது கதவுலயும் அதுதான். மூணாவது கதவுலேருந்து அவரு பேசுறதை நிறுத்திட்டாரு. பெட்டியைத் தொறந்து காட்டிட்டு, கிணத்துப் பக்கம் கையைக் காட்டிட்டு, வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு நிப்பாரு. அப்படியே கடைசி வீடு வரைக்கும் போனாரு. நான் தெருமுனையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். கிட்டப் போக முடியலை. நான் கூடப் போனா இன்னும் சிரிப்பாங்களே.

அதுக்கப்புறம் சிரிக்க நேரமில்லாமப் போச்சு. கிணத்துக்குப் பக்கத்து வீடு, அதுக்கு எதிர்வீடுன்னு வரிசையா ஆரம்பிச்சுச்சு. ராசமணிக்கும் கண்டுச்சு, பொழைச்சுக்கிட்டான். செல்லம் மூணாம் நாள் போயிடுச்சு. அப்ப எல்லாரும் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு ஊசி சாமிக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க. அவரும் வந்தாரு, ராவும் பகலும் போட்டாரு. போட்டவங்கள்லயே எத்தனையோ பேருக்கு நேரம் கடந்து போயிருந்துச்சு.

பார்க்கை மூடிட்டாங்க. மறுபடி தொறந்த அன்னிக்கு, பாலத்துல சைக்கிள்ல வர்ற பழைய ஆளுங்க வந்தாங்க. "அண்ணே, அக்கரைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? உறையூர் ஜட்காக்காரன் வாயைத் தொறந்தாலே ஊருக்கு வயித்தைக் கலக்குதாம்."

"ஜனம் என்ன பண்ணுச்சு?"ன்னு கேட்டேன்.

"என்ன பண்ணும், சிரிச்சுச்சு. நீங்க பதில் சொல்லுங்கண்ணே."

இதைத்தான் உங்ககிட்ட முக்கியமாச் சொல்லணும்னு நெனைச்சேன். எங்கிட்ட பதில் இருந்துச்சு. நாக்கு நுனியில, நல்ல பதிலா, அவன் ஒரு மாசம் எந்திரிக்க முடியாத பதிலா இருந்துச்சு. செல்லம் செத்துப் பத்து நாள்கூட ஆகலை. சொல்லலை, ஆனா திருந்திட்டதால இல்லை. காதர் பாய் மைக்கைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கேட்டேன். குடுக்கலை. அவரு மட்டும் குடுத்திருந்தா நான் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு அதுல சந்தேகமே இல்லை.

ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே போயி ஊசி சாமி வீட்டு வாசல்ல நின்னேன். வெளியில வந்தாரு. என்னென்னவோ சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். "சாமி"ன்னேன், அதுக்கு மேல வரலை. அவரு என்னைப் பாத்தாரு. உள்ள போனாரு. பெட்டியோட வந்தாரு. என் சட்டைக் கையை மேல ஏத்தச் சொல்லி விரலால காட்டினாரு. அப்பதான் எனக்கே ஒறைச்சுச்சு, நானும் போட்டுக்கலைங்கிறது. போட்டாரு. பஞ்சை வச்சு அழுத்தி என் கையாலயே புடிச்சுக்கச் சொல்லிக் காட்டிட்டு உள்ள போயிட்டாரு. அந்த வருஷமே வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாருன்னு சொன்னாங்க.

நான் வேலையை விட்டேனா? விடலை. வேற என்ன தெரியும் எனக்கு. குதிரைங்ககூட அதுக்குள்ள வேற ஆளு வச்சுக்கிச்சுங்க. ஆடு காணோம், மண்ணெண்ணெய் வருதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். கூட்டம் கலைஞ்சு அக்கரைக்குப் போயிடுச்சு.

ஒருநாள் சாயந்தரம், பெட்டி இன்னும் சூடாகலை, கொட்டாய் வாசல்ல ராசமணி வந்து நின்னான். பாதி ஆளாயிட்டிருந்தான். காதர் பாய் ஸ்டூலை நகத்திப் போட்டாரு. உக்காந்தான். அடிக்கத்தான் வந்திருக்கான்னு நெனைச்சேன். அடிச்சா நல்லதுன்னும் நெனைச்சேன்.

"அண்ணே, அன்னிக்கு அவரு என்னதான் சொன்னாரு?"

"எவரு?"

"சாமிதான். நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன். என்ன சொன்னாருன்னு காதுல ஏறலை. செல்லம் என்னான்னு கேட்டுச்சு, நீ சிரிடின்னேன். என்ன வார்த்தை சொன்னாருன்னு தெரியணும்ணே. உங்களுக்குத்தான் ஒரு தடவை கேட்டா வந்துடுமே. அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"வேணாம் ராசமணி."

"சொல்லுங்கண்ணே. அவரு குரல்லயே."

காதர் பாயைப் பாத்தேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மைக்கு அணைஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டு தடவை இருமினேன். சொன்னேன். அடியேன் சொல்றதைச் சித்த கேளுங்கோ. தெருக்கோடிக் கிணத்துத் தீர்த்தத்தைச் சாப்பிடாதேள். ரெண்டு பேருக்குக் கண்டிருக்கு. அடியேன் சொல்ற வரைக்கும் அந்தக் கிணத்தைத் தொடாதேள். நாளைக்குக் கார்த்தால பள்ளிக்கூடத்துக்குக் கொழந்தைகளை அழைச்சுண்டு வாங்கோ. கடைசியில குரல் கீச்சுன்னு போற எடம் வரைக்கும் ஒண்ணும் விடாம சொன்னேன்.

ராசமணி தரையைப் பாத்துக்கிட்டே கேட்டான். அப்புறம் எந்திரிச்சு வேட்டியை ஒதறிக் கட்டினான்.

"தெளிவாத்தான் சொல்லியிருக்காரு"ன்னுட்டுப் போயிட்டான்.